கேக் தராசும் சாயப் பானையும்

எனக்கு எழுதிக் கேட்டிருப்பவர் டெக்ஸ்டைல் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுமுறையில் மாதுளைத் தோல், பீட்ரூட், மஞ்சள் வைத்து வீட்டிலேயே துணிக்குச் சாயம் ஏற்றுகிறார். கட்டிங் வேஸ்ட் எனப்படும், வெட்டி மிஞ்சிய துணியில் பையும் குஷன் உறையும் தைக்கிறார். வாரம் ஒரு கேக் செய்கிறார். தனக்கான டாப்புகளைத் தானே வரைந்து, வெட்டி, தைத்துக்கொள்கிறார். உப்பும் வினிகரும் போட்டும் சாயம் இரண்டு துவைப்பில் போய்விடுகிறது என்பது ஒரு குறை. "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று வீட்டில் கேட்பது இன்னொன்று. கடைசியில் கேட்டிருப்பது: இவற்றை போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டுகிற தொகுப்பில், வைக்கலாமா, கேக் படங்களை மட்டும் எடுத்துவிடட்டுமா?

அவர் கேட்பது படங்களைப் பற்றி இல்லை என்று எனக்குப் படுகிறது. "நான் செய்வது பொழுதுபோக்கா, தொழிலுக்கு உதவுகிற வேலையா" என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. நான் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் பதினாறு வருடம் இருந்தேன். அப்புறம் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் துணித் தரம் பார்க்கும் வேலை. புதிதாகப் படித்து வருகிறவர்களை நேர்காணலில் பார்த்த பழக்கமும் உண்டு. சாயம், துணி பற்றிச் சொல்வதை நம்பலாம். தையல் பக்கம் எனக்குப் பாதி தெரியும். கேக்கைப் பொறுத்தவரை மகளின் பிறந்தநாளுக்கு வருடம் ஒரு முறை செய்கிற ஆள், அவ்வளவுதான்.

இனி அவரிடமே பேசுகிறேன். முதலில் சாயம் ஏன் போகிறது என்பதை முடித்துவிடுவோம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. பீட்ரூட்டின் சிவப்பு பருத்தியில் நிற்காது. நீங்கள் என்ன போட்டாலும் நிற்காது. பருத்தியைப் பிடித்துக்கொள்ளும் தன்மை அந்த நிறமிக்கு இல்லை, வெயிலும் சூடும் அதைச் சீக்கிரமே சிதைத்துவிடும். மஞ்சள் வேறு ரகம். பருத்தியில் நன்றாகவே ஏறும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் நாலு நாள் வெயிலில் வெளுத்துவிடும். சோப்பு பட்டால் சிவக்கவும் செய்யும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதேதான். மாதுளைத் தோல் இந்த இரண்டையும்போல இல்லை. அதில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு, முறையாகச் செய்தால் நம்பலாம். ஆயுத பூஜை முடிந்து குப்பைக்குப் போகிற செண்டுமல்லி மாலைகளும் அப்படித்தான். படிகாரத்தோடு சேர்ந்தால் நல்ல கெட்டியான மஞ்சள் கொடுக்கும்.

அடுத்து உப்பும் வினிகரும். இணையத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் சாயப்பட்டறையில் நிஜமாகவே பயன்படுகிற பொருள்கள் என்பதால்தான் இந்தக் குழப்பம். பருத்திக்குப் பட்டறைகளில் போடுகிற ரியாக்டிவ் என்ற செயற்கைச் சாயத்தில் உப்பு போடுவது தண்ணீரில் இருக்கிற சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதற்கு. அங்கே சாயத்தை நூலோடு பிணைப்பது உப்பு இல்லை, அப்புறம் போடுகிற வாஷிங் சோடாதான். வினிகர் மாதிரி அமிலம் வேலை செய்வது பட்டு, கம்பளி, நைலான் ஆகியவற்றில். பருத்தியில் மாதுளைத் தோல் சாயத்துக்கு இரண்டுமே ஒன்றும் செய்யாது. அதற்குத் தேவை மார்டன்ட், அதாவது துணியையும் சாயத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிற உலோக உப்பு. நம் ஊரில் அது படிகாரம். பருத்தி படிகாரத்தையும் லேசில் பிடித்துக்கொள்ளாது என்பதால் அதற்கு முன்னால் கடுக்காய்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கேக்குக்கு வாங்கிய மஞ்சள் ஃபுட் கலர் வீட்டில் இருக்கும். அட்டையில் டார்ட்ரசின் என்று போட்டிருந்தால் அது சாயத் தொழிலில் ஆசிட் எல்லோ 23 என்று அழைக்கப்படுகிற அதே பொருள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், கொஞ்சம் வினிகர், சில சொட்டு கலர். பழைய வெளிர்நிறப் பட்டுப் புடவையின் துண்டு ஒன்றையும் வெள்ளைக் காட்டன் துண்டு ஒன்றையும் சேர்த்துப் போட்டு, கொதிக்கவிடாமல் அரை மணி நேரம் சூட்டிலேயே வையுங்கள். பட்டு மஞ்சளாகும், தண்ணீர் வெளுக்கும். காட்டனை அலசினால் கிட்டத்தட்ட வெள்ளையாகவே திரும்பி வரும். இழையும் சாயமும் பொருந்துவது பற்றி வகுப்பில் ஒரு செமஸ்டர் சொல்லிக்கொடுப்பது அந்த ஒரு பாத்திரத்தில் தெரிந்துவிடும். போர்ட்ஃபோலியோவில் வைக்கவேண்டியது அந்த இரண்டு துண்டுகளை.

சரி, மாதுளைத் தோலை எப்படிச் செய்வது? இங்கேதான் உங்கள் கேக் உள்ளே வருகிறது. பேக்கரிக்காரர்கள் மைதாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாகச் சொல்வார்கள். மைதா 100, சர்க்கரை 100, வெண்ணெய் 100, முட்டை 100 என்றால் பழைய பவுண்ட் கேக். சாயப்பட்டறையில் துணிதான் 100. கடுக்காய் 20 சதவீதம், படிகாரம் 15 சதவீதம் என்றால் துணியின் எடையில் அத்தனை சதவீதம் என்று பொருள். இந்தக் கணக்கு தலையில் ஏறாமல் லேபில் திணறுகிற பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன். கால் கிலோ கேக்கின் அளவை முக்கால் கிலோவுக்கு மாற்றத் தெரிந்த உங்களுக்கு இது ஏற்கெனவே கைவந்துவிட்டது, பெயர்தான் வேறு.

உங்களிடம் 200 கிராம் காட்டன் துணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை அதைச் சுத்தமாக்குவது. கடையில் வாங்கும் காடா துணியில், அதாவது வெளுக்காத துணியில், கஞ்சி இருக்கும், பருத்தியின் சொந்த மெழுகும் இருக்கும். அவை போகாமல் மேலே எது ஏறினாலும் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். 4 லிட்டர் தண்ணீர், 4 கிராம் வாஷிங் சோடா, கொஞ்சம் சோப்பு. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் பால் சேர்க்காத டீ நிறத்துக்கு வரும். வெள்ளைத் துணியிலிருந்து இத்தனை அழுக்கா என்று முதல் தடவை பார்க்கிற எல்லோருமே மலைத்துப்போவார்கள். அலசியபின் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல மேலே நின்றால் இன்னும் மெழுகு இருக்கிறது. சட்டென்று உறிஞ்சினால் தயார். அப்புறம் 40 கிராம் கடுக்காய்ப் பொடியைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். அடுத்து 30 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து அதில் ஒரு மணி நேரம். காய்ந்த மாதுளைத் தோல் 100 கிராமைத் தட்டி ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டினால் சாயம். துணியை அதில் இன்னொரு மணி நேரம் கொதிக்கும் தறுவாயில் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். மஞ்சள் வேண்டாம், பாசிச் சாம்பல் வேண்டும் என்றால் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு 4 கிராம் தனித் தண்ணீரில் கரைத்து சில நிமிடம் முக்கி எடுக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள். இரும்பு அதிகமானால் நிறம் கருக்கும், கூடவே நாளடைவில் நூலும் இற்றுப்போகும்.

வாஷிங் சோடா கடையில் கிடைக்கவில்லை என்றால் ஆப்பசோடாவிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் 100 கிராம் ஆப்பசோடாவைப் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் போய் மிஞ்சுவது வாஷிங் சோடா. எடை போட்டால் 63 கிராம் அளவுக்கு வரும். 70 இருந்தால் இன்னும் முழுதாக மாறவில்லை என்று அர்த்தம். கேக்கை உப்பவைக்கிற அதே வேதியியல்தான் இங்கே துணியைச் சுத்தமாக்க உதவுகிறது. எடுக்கும்போது தூள் பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூக்கு எரியும்.

இப்போது ஒரு சங்கடம். வீட்டு கேக் தராசு ஒரு கிராம் கணக்கில்தான் காட்டும். மைதாவுக்கு அது போதும். 4 கிராம் அன்னபேதி என்று அது காட்டினால் உள்ளே இருப்பது மூன்றரையாகவும் இருக்கலாம், நாலரையாகவும் இருக்கலாம். அவ்வளவு வித்தியாசம் நிறத்தில் அப்படியே தெரியும். நகைத் தராசு வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் லேபில் நாங்கள் செய்வதைச் செய்யுங்கள். அன்னபேதி 10 கிராமை எடை போட்டு மொத்தம் ஒரு லிட்டர் வருகிற மாதிரி தண்ணீரில் கரையுங்கள். 4 கிராம் வேண்டுமென்றால் அதில் 400 மில்லி. அளவுக் குவளை கேக் சாமான்களில் இருக்கும்தானே. ஆனால் அன்னபேதி தொட்ட குவளை திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது. சாயப் பானை, கரண்டி, குவளை எல்லாம் தனி, பெயர் எழுதி ஒட்டி, எட்டாத இடத்தில். பழைய குறிப்புகளில் மயில்துத்தம், பொட்டாசியம் டைகுரோமேட் என்று இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள். வீட்டில் செய்கிற வேலைக்கு அவை ஆகவே ஆகாது. படிகாரமும் கடுக்காயும் பாவம் அறியாதவை என்றாலும் மிச்சத் தண்ணீரைச் செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். சாயக் கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பதற்றம் அதிகம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நானும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் அடித்துச் சொல்லத் தயங்குகிற இடம். மேலே சொன்ன அளவுகளில் உங்களுக்கு என்ன மஞ்சள் வரும் என்று நான் சொல்ல முடியாது. பழம், பறித்த பருவம், தோல் காய்ந்த விதம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர், எல்லாமே மாற்றும். சிறுவாணி அணைக் குடிநீரில் செய்ததும் போர்வெல் தண்ணீரில் செய்ததும் ஒன்றாக இருக்காது. தண்ணீரில் இரும்பு இருந்தால் நீங்கள் அன்னபேதி போடாமலே மஞ்சள் மங்கும். உங்கள் சாயம் எத்தனை துவைப்பு தாங்கும் என்பதும் அப்படித்தான். எனவே யாரையும் கேட்காமல் நீங்களே சோதியுங்கள். சாயத் துண்டு 10 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், அதே அளவு வெள்ளைக் காட்டன் ஒன்று. இரண்டையும் ஓரத்தில் சேர்த்துத் தைத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் அலசுங்கள். சாயத் துண்டு எவ்வளவு வெளுத்தது, வெள்ளையில் எவ்வளவு ஒட்டியது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஆய்வுக்கூடத்தில் இதை ஒன்றிலிருந்து ஐந்து வரை சாம்பல் அளவுகோலில் வைத்து மதிப்பிடுவார்கள். ஐந்து என்றால் மாற்றமே இல்லை. வெயிலுக்கு, ஒரு பட்டையில் பாதியை அட்டையால் மூடி ஜன்னல் கண்ணாடியில் இரண்டு வாரம் ஒட்டிவைத்தால் போதும். நிறத்தை எப்போதும் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, டியூப்லைட்டில் ஒரு முறை பாருங்கள். வெளியே ஒரே நிறமாகத் தெரிந்த இரண்டு துண்டு உள்ளே வேறு வேறாகத் தெரியலாம். கடையில் மேட்சிங் பிளவுஸ் எடுத்து வெளியே வந்து ஏமாந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நேர்காணலுக்கு வருகிறவர்களின் ஃபைலில் இயற்கைச் சாயப் படங்கள் இப்போது நிறையவே வருகின்றன. நான் கேட்பது ஒரே கேள்விதான்: "இதே நிறத்தை மறுபடி எடுத்துத் தர முடியுமா?" பெரும்பாலும் அங்கே பேச்சு நின்றுவிடும். எங்கள் தொழிலே அதுதான். பையர், அதாவது துணி வாங்குகிறவர், அனுப்பிய ஒரு விரல் அகலத் துண்டைப் பார்த்து லேப் டிப் என்கிற சின்னச் சாய மாதிரி எடுக்கிறோம், ஏ, பி, சி என்று மூன்று அனுப்புகிறோம், அவர் பி என்று சொன்னால் அந்த பி நூற்றுக்கணக்கான கிலோவில் அப்படியே வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். லேபில் 5 கிராம் துணியை டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு எடை போட்டு ரெசிபி கொடுத்துவிட்டேன். அங்கே துணியில் ஈரமே இல்லை. கீழே பட்டறையில், ஒரே தடவையில் சாயம் ஏற்றுகிற 300 கிலோ லாட்டை மழைக்காலக் காற்றில் கிடந்தபடியே எடை போட்டார்கள். பருத்தி சும்மா கிடந்தாலே காற்றிலிருந்து எட்டு சதவீதம் அளவுக்கு ஈரம் இழுக்கும், மழைக்காலத்தில் அதற்கு மேலும். ஆக, நிஜத் துணி 300 கிலோவைவிட இருபது கிலோவுக்கு மேல் குறைவு, சாயமோ 300 கிலோவுக்கு. லாட் ஒரு படி கருத்து வந்தது. மேனேஜர் திட்டவில்லை. துணியை மேசையில் போட்டு, என் நோட்டைத் திறந்து, "எடை போட்டப்ப துணி எப்படி இருந்துச்சுன்னு எங்கே எழுதியிருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் போர்ட்ஃபோலியோவில் அழகான படத்தைவிட நோட்டுப் பக்கம் வையுங்கள் என்பேன். தேதி, துணி, எடை, எந்தத் தண்ணீர், எத்தனை லிட்டர், என்ன சதவீதம், எத்தனை நிமிடம், பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்த துண்டு. துவைக்காதது ஒன்று, துவைத்தது ஒன்று. இதே ரெசிபியை ஒரு மாதம் கழித்துத் திரும்பச் செய்து அந்தத் துண்டையும் பக்கத்தில் அடியுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஏன் என்று நீங்கள் எழுதுகிற இரண்டு வரிதான் எதிரில் உட்கார்ந்திருப்பவர் படிக்கிற வரி.

தைப்பதிலும் இதே பழக்கம் உதவும். கட்டிங் வேஸ்டில் தைக்கும்போது ஓரம் சுருண்டுகொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கைத் தவறு இல்லை. சிங்கிள் ஜெர்சி என்கிற பனியன் துணியை வெட்டினால் சுருளத்தான் செய்யும், பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும் மேல், கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும். தையல் ஓரமாகப் பொத்தல் விழுவது ஊசியால். பனியன் துணிக்குச் சாதாரண ஊசி கண்ணியை அறுத்துவிடும், முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி மாற்றுங்கள். தைத்து முடித்த டாப்பைச் சாயத்தில் போட்டபோது தையல் மட்டும் வெள்ளையாக நின்றது என்றீர்களே, நூல் பாலியஸ்டர். இயற்கைச் சாயம் அதைத் தொடாது. பிரித்து ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள், பஞ்சு என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டியாகும். பின்னால் சாயம் போடப் போகிற உடைக்குக் காட்டன் நூல்தான். ஒரு பனியன் துணியைப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி நகைத் தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 1.8 கிராம் என்றால் 180. வெட்டுவதற்கு முன் துணியில் 25 சென்டிமீட்டர் கட்டம் போட்டுத் துவைத்து மறுபடி அளந்தால் சுருக்கம். 24 ஆகியிருந்தால் நாலு சதவீதம். டிசைன் படத்துக்குக் கீழே இந்த இரண்டு எண் இருந்தால், அந்த உடையை நிஜமாகவே தைத்துத் துவைத்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கேக் படங்களை எடுக்க வேண்டாம், ஆனால் பத்து படம் வேண்டாம், ஒன்று போதும். உருண்டையான கேக்கின் மேல் ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவு விரிப்பை மூடும்போது கீழே மடிப்பு மடிப்பாகச் சேருமே, அதை நீவிச் சமன் செய்ய எங்கே இழுக்கிறீர்கள், எங்கே வெட்டுகிறீர்கள்? தட்டையான ஒன்றை வளைவின் மேல் உட்காரவைக்கிற அந்தச் சிக்கலைத்தான் பிளவுஸில் டார்ட், அதாவது முக்கோண மடிப்புத் தையல், பிடித்துத் தீர்க்கிறோம். மாவு இழுபடும், தறித் துணி பாவு ஊடை, அதாவது நெடுக்கு நூல் குறுக்கு நூல், திசையில் அந்த அளவுக்கு இழுபடாது, அவ்வளவுதான் வித்தியாசம். கேக்கையும் பிளவுஸ் பேட்டர்னையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்தால் கேக் அங்கே ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேக்கை விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அது வேறு கதை. வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுக்க வேண்டும், சாயம் காய்ச்சுகிற அதே அடுப்பில் அதைச் செய்யவும் கூடாது.

இதெல்லாம் வேலை வாங்கித் தருமா என்றால், லேப், தரம், மெர்ச்சண்டைசிங் (பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிற வேலை) பக்கம் நிச்சயமாகக் கவனிப்பார்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன். டிசைன் ஸ்டுடியோ பக்கம் ஆட்களைப் பொறுத்தது. அங்கே வரைகிற கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வீட்டில் கேட்டால் சோடா சுட்ட கணக்கை அம்மாவுக்குக் காட்டுங்கள். பீட்ரூட் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாதி மூடி வெயிலில் வைத்த பட்டையாக நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு அதை ஒட்டுங்கள். அடுத்த பக்கத்தில் மாதுளைத் தோல், அதே இரண்டு வாரம், அதே ஜன்னல்.